பெரியப்பா துண்டு வீசிய படம்

வற்றிய கண்மாயில் ஊர் மொத்தமும் இறங்கிக் கலக்கும்போது எழுகிற சேற்று வாடை முகம் சுளிக்க வைப்பதுதான், ஆனால் அதை நினைத்தால் எனக்கு இன்றும் நாக்கில் எச்சில் ஊறுகிறது, ஏனென்றால் அன்று மாலை எல்லார் வீட்டிலும் விரால் குழம்பு கொதிக்கும். கொடும்பாளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐம்பதுகளில், கோடை முற்றிக் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், வலையும், மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற 'ஊத்தா' என்னும் மூங்கில் கூடையுமாக ஆணும் பெண்ணும் கரையோரம் காத்து நிற்போம். ஊர்த்தலைவரான அம்பலம் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசவேண்டும், அதற்குமுன் ஒருவர் காலும் தண்ணீரில் படக்கூடாது.

அந்த அம்பலம் என் பெரியப்பா. ஒரு வருஷம், டவுன் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வருகிறார் என்று சேதி வந்தது. பக்கத்து ஊர் அம்பலத்தின் படம் தேரோட்டத்தின்போது பேப்பரில் வந்ததிலிருந்தே பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. துண்டு வீசுகிற கோலத்தில் தன் படமும் வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். துண்டுக்கு நீலமும் கஞ்சியும் போட்டு மடித்து வைத்தவரைப் பார்த்து, "மீன் பிடிக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று பெரியம்மா கேட்டது அவர் காதில் விழவே இல்லை.

பத்திரிகைக்காரர் நல்ல மனிதர். கரைமேல் கேமராவை வைத்துக் குனிந்து பார்த்தவருக்கு, எங்கள் கண்ணெல்லாம் தண்ணீர்மேலேயே இருந்தது பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, "எல்லாரும் இங்க பாருங்க!" என்று தலைக்குமேல் ஆட்டினார். பார்த்தோம். வெள்ளையாக ஏதோ ஆடியது. அவ்வளவுதான், ஊரே 'ஓ'வென்று கண்மாய்க்குள் பாய்ந்தது. என் அம்மா பாய்ந்தாள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பாய்ந்தேன். திரும்பிப் பார்த்தால், பெரியப்பா அப்போதுதான் துண்டை உதறி, இரண்டு கையாலும் வீசி வீசித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். யார் கேட்பது? காலடியில் விரால் துள்ளும்போது காது எங்கே கேட்கும்?

அன்று குழம்புச் சட்டியின் பக்கமே பெரியப்பா வரவில்லை. "போச்சு, எல்லாம் போச்சு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சில நாள் கழித்து டீக்கடைக்குப் பேப்பர் வந்தது. கடைக்காரர் உரக்கப் படித்தார்: 'வெள்ளைத் துண்டை வீசி மீன்பிடியைத் தொடங்கி வைக்கிறார் ஊர் அம்பலம்.' மேலே பெரியப்பா, துண்டு பறக்க, வாய் திறந்தபடி கம்பீரமாக நின்றார். கடையே குலுங்கிச் சிரித்தது. பெரியப்பா மட்டும் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல போட்டுருக்கான்ல? அப்ப நாந்தேன் தொடங்கி வச்சேன்" என்றார். அன்று அவர் செலவில் எல்லாருக்கும் டீ. அப்புறம் ஊரும் அப்படியே சொல்லத் தொடங்கியது.

இன்று கண்மாய் குத்தகைக்குப் போய்விட்டது, துண்டு வீச ஆளும் இல்லை, அன்று என்னோடு பாய்ந்தவர்களில் அநேகமாக யாரும் இல்லை. பழுத்துப்போன அந்தப் படம் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரியப்பாவின் பேரன் வீட்டில் தொங்குகிறது. போனமுறை போனபோது, "தாத்தா என்ன கம்பீரமா ஆரம்பிச்சு வைக்கிறாரு பாத்தீங்களா அத்தை!" என்றான். "ஆமாப்பா" என்றேன். அந்தத் திறந்த வாயிலிருந்து வந்த சத்தம் என் காதில் மட்டும் கேட்டது: "நில்லுங்கடா! நான் இன்னும் வீசலடா!"