ஒரு முறம் தவிடு

என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட செய்தி. யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதில்தான் குழப்பம். மாமாவைக் கேட்டால், கோடியக்கரையில் இருக்கும் பெரியம்மாவிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அம்மா என்னை வாங்கி வந்தாள் என்பார். அம்மாவைக் கேட்டால், "வாங்கலடி, வித்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். விற்ற பொருள் எப்படி விற்றவர் வீட்டிலேயே தின்று தூங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நடந்தது இப்போது எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. நான் பிறந்ததும், இதுவும் போய்விடக் கூடாதே என்று, அம்மா தன் அக்காவுக்கு என்னை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டாள். இது அக்கா பிள்ளை, நான் சும்மா வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டால் எமன் விலாசம் தெரியாமல் திரும்பிப் போய்விடுவானாம். எமனும் ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பான் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எப்படியோ நான் பிழைத்துக்கொண்டேன். மாமாவுக்கு என்னைக் கூப்பிட 'தவிடு' என்று ஒரு பெயர் கிடைத்தது.

அப்போது நாங்கள் குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். அப்பா மஸ்கட்டில் இருந்தார். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய் அவர் குரலைக் கேட்போம். அந்த மார்கழியில் அம்மா பூத்திலிருந்து முகம் சிவந்து வெளியே வந்தாள். மறுநாளிலிருந்து வீட்டில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. நிலம் குத்தகைக்குப் போனது. மாடு போனது. பித்தளை அண்டா அத்தை வீட்டுக்குப் போனது. எங்கள் இருவருக்கும் விசா வரப்போகிறது என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கூடம் முழுக்கத் தமுக்கடித்துவிடுவேன், கண் பட்டுவிடும் என்று பயம். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் இருப்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே கொண்டுபோய் விட்டுடலாம்க்கா. வேற யாரு பாத்துப்பா?" என்றார் மாமா.

"அக்கா ஒண்ணும் சொல்லாது. ஆனா இது ஏங்கிப் போயிடுமேடா" என்றாள் அம்மா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவர்கள் பேசியது எங்கள் நாய் சூரனைப் பற்றி. சூரனும் கோடியக்கரையிலிருந்து வந்ததுதான். பெரியப்பா குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது. பெயர்தான் சூரன், பூனையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆனால் அங்கிருந்து வந்தது அது மட்டுமில்லையே, நானும்தானே.

மறுநாள் அம்மா ஒரு உரச்சாக்கில் தவிடு கட்டினாள். எங்கள் நெல்லை மில்லில் அரைத்து எடுத்த தவிடு. அதோடு ஒரு புது முறம், புதுப் புடவை, மஞ்சள், வெற்றிலை பாக்கு. கும்பகோணத்தில் அப்போது ஒரு கடையில் பழைய குக்கரைக் கொடுத்து மேலே கொஞ்சம் பணமும் போட்டால் புதுக் குக்கர் தருவார்கள். அம்மாவும் அப்படி ஒன்று வாங்கியிருந்தாள். எனக்குக் கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது. பழைய பெண்ணைக் கொடுத்து, மேலே ஒரு சாக்குத் தவிடும் போட்டு, புதுப் பெண் வாங்கப் போகிறார்கள்.

வாடகைக்கு ஒரு அம்பாசடர் வந்தது. டிரைவர் சூரனைப் பார்த்ததும் கதவைத் திறக்காமல் நின்றுகொண்டார்.

"நாயெல்லாம் ஏத்தறதில்லைங்க. சீட் கவர் புதுசு."

"பாக்கத்தாங்க இது நாய் மாதிரி இருக்கும். நாய்க்குணம் ஒண்ணுகூடக் கிடையாது" என்றார் மாமா.

சூரன் அதை மெய்ப்பிப்பதுபோல டிரைவரின் செருப்பை நக்கியது. அதையும் தவிட்டுச் சாக்கையும் பின்சீட்டில் எங்கள் காலடியில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

மாயவரம் தாண்டும்வரை பனியில் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் அடிக்கடி வண்டியை நிறுத்தி இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வெயில் வந்தபோது இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. வேறொரு நாளாக இருந்தால் ஜன்னலை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். அன்று எனக்கு எல்லோர் மீதும் சந்தேகம். திருவாரூரில் கேட்காமலே ஜவ்வு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள் அம்மா. திருத்துறைப்பூண்டியில் டீக்கடையில் மாமா எனக்கு ஒரு பன்னும் சூரனுக்கு ஒரு பன்னும் வாங்கித் தந்தார். அவர் கை அவ்வளவு தாராளமாக நான் பார்த்ததில்லை. வெட்டுவதற்கு முன்னால் கடாவுக்கு மாலை போடுவது எனக்கு ஞாபகம் வந்தது. சூரனுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாததால் என் பன்னிலும் பாதியைத் தின்றது.

அங்கிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எதிரே வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்தது. சூரன் நேராகத் தவிட்டுச் சாக்குக்குள் தலையை விட்டது. விட்ட தலையை எடுக்கத் தெரியாமல் நாலு காலாலும் பிராண்டியது. சாக்கு கிழிந்தது. ஜன்னல் காற்றில் தவிடு கிளம்பி வண்டியெல்லாம் பறந்தது. மாமாவின் மீசை நரைத்துவிட்டது.

"என்னங்க இது, வண்டியா ரைஸ் மில்லா!" என்று கத்திக்கொண்டே டிரைவர் ஓரம் கட்டினார்.

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சீட்டிலும் தரையிலும் கிடந்த தவிட்டைக் கையால் கூட்டிக் கூட்டி முறத்தில் அள்ளினாள். அள்ளும்போதே அவள் கண் கலங்கியிருந்தது.

"விடுக்கா, வேதாரண்யத்துல ஒரு படி வாங்கிக்கலாம்."

"கடைத் தவிடு எதுக்குடா? நம்ம வயல்ல விளைஞ்சதா இருக்கணும். அக்கா கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

முறம் ஒருவழியாக நிறைந்தது. தவிட்டுக்காக ஒரு மனுஷி அழுவாளா? புதுப் பெண் அவ்வளவு முக்கியமா? எனக்கு ஆத்திரமாக வந்தது. சூரனைக் கட்டிக்கொண்டு வேதாரண்யம்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

வேதாரண்யத்தைத் தாண்டினால் வயல் கிடையாது. மழைத் தண்ணீர் நிற்கும் உப்பளங்கள், அப்புறம் சதுப்பு, அதில் வெளிறிய பூநாரைகள், அப்புறம் முள்ளும் மணலும். பெரியப்பாவுக்குக் கலங்கரை விளக்கத்தில் வேலை. இரவு வேலை முடிந்து உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவரும் பெரியம்மாவும் ஒரு பசுவும் மட்டும்தான். பெரியம்மா ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு வந்துட்டா" என்றாள். எப்போதும் அவள் அப்படித்தான் சொல்வாள். அன்றைக்கு மட்டும் அது எனக்கு வேறு மாதிரி கேட்டது.

புதுப் பெண் எங்கே என்று வீட்டைச் சுற்றி வந்து தேடினேன். யாரும் இல்லை. மாமா என்னையும் சூரனையும் கடலுக்குக் கூட்டிப்போனார். சூரன் கடலைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தது. கடல் பதிலுக்கு ஒரு அலையை அனுப்பியதும் வீட்டுக்கு ஓடிவிட்டது. அதைத் துரத்திக்கொண்டு நானும் ஓடினேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அதைப் பிடித்தபோது, அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவும் பெரியம்மாவும் பேசுவது கேட்டது.

"ரெண்டு வருஷம் எங்கிட்ட விட்டுட்டுப் போயேன். புது ஊரு, பாஷை தெரியாது. நீ முதல்ல போயி பழகிக்க. இங்க நான் வேதாரண்யத்துல பள்ளிக்கூடம் சேத்துவிடறேன்" என்றாள் பெரியம்மா.

அரிவாள்மணையில் மீன் அரியும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சூரனின் கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் என்ன இல்லாததையா கேட்டுட்டேன்? எனக்குக் குடுத்ததைத்தானே கேக்குறேன்."

"இல்லன்னு சொல்லலக்கா. அவங்க அப்பா இவ முகத்தைப் பாத்து மூணு வருஷமாச்சு. நான் மட்டும் போயி நின்னா, எங்க எம் பொண்ணுன்னு கேப்பாருக்கா."

இனியும் சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது. சூரனைக் கழுத்துக் கயிற்றோடு உள்ளே இழுத்துக்கொண்டு போய் பெரியம்மா முன்னால் நிறுத்தினேன்.

"பெரியம்மா, சூரன வச்சுக்குங்க. நல்லா காவல் காக்கும். எது குடுத்தாலும் தின்னும். நான் வேணாம் பெரியம்மா. நான் ராத்திரி பாயிலேயே ஒண்ணுக்குப் போயிடுவேன்."

அது பொய். அந்தப் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. பெரியம்மா அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள். திரும்பி வந்து, "சரி, தவிட்டை எடுடி" என்றாள் அம்மாவிடம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது. பெரியப்பா எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா முறத்தின் மேல் புதுப் புடவையும் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் வைத்துப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பெண்ணை யாரும் இடுப்பில் வைப்பதில்லை. என் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"எம் பொண்ண இத்தனை நாளு குறையில்லாம வளத்துக் குடுத்துருக்க. இப்ப கேக்குற. எடுத்துக்க, இனிமே உம் பொண்ணு" என்றாள்.

சொன்னாளே தவிர இறக்கிவிடவில்லை. அவள் கழுத்தில் மீன் வாடையும் மஞ்சள் வாடையும் அடித்தது. நான் நெளிந்தேன், காலை உதைத்தேன். கடைசியில் நழுவிக் கீழே குதித்து, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்ட பிறகு கேட்டேன்:

"குடுத்தாச்சுல்ல? திரும்பக் கேக்க மாட்டீங்கள்ல?"

"கேக்க மாட்டேன்டி கண்ணு" என்றாள் பெரியம்மா.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வண்டி கிளம்பும்போது சூரனுக்குக்கூட அவசரமாகத்தான் முத்தம் கொடுத்தேன். முன்சீட்டில் டிரைவருக்கும் மாமாவுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாட ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். சூரன் பாதி வழிவரை ஓடிவந்து, மூச்சு வாங்கி, திரும்பிப் போய்ப் பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்தது. பெரியம்மா மணலில் நின்றுகொண்டிருந்தாள். நான் இருந்த அதே இடுப்பில் தவிட்டு முறத்தை அணைத்துப் பிடித்திருந்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

எனக்கு அது விளங்கவே இல்லை.

"ஏம்மா, தவிடும் குடுத்தாச்சு, சூரனையும் குடுத்தாச்சு. இன்னும் எதுக்குப் பெரியம்மா அழுவுறாங்க?"

பின்சீட்டில் தனியாக இருந்த அம்மா சீட்டில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மாமா வெளியே முள்ளுக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர்தான், பாவம், பிள்ளை கேட்கிறதே என்று சொன்னார்.

"இங்க உப்புக் காத்து பாப்பா. கண்ணுல பட்டா அப்படித்தான்."

அதுதான் சரியாக இருக்கும் என்று எனக்கும் பட்டது. விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தேன்.