ஒருத்திக்காக ஒரு கேள்வித்தாள்

பாடங்களைக் குறைக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, தன் பாடத்தை மட்டும் தொடக் கூடாது என்று ஆளாளுக்குச் சண்டை போட்டு, நடுவில் சமோசா சாப்பிடுகிற இடத்துக்குத்தான் பாடத்திட்டக் குழு என்று பெயர். நீங்களும் ஏதாவது ஒரு கமிட்டியில் மாட்டிக்கொண்டவர் என்றால் என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் எடுப்பவள். நான் லீவில் இருந்த ஒரு நாளாகப் பார்த்து, பி.இ. பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். ஒன்றரை வருஷ வேலை. அதில் நான் செய்த ஒரு தவறால் ஸ்டெல்லா என்கிற பெண்ணுக்கு டிகிரியே இல்லாமல் போகப் பார்த்தது. என் பெருமைகளோடு அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

யாருடையதும் குறையாமல்

முதல் கூட்டத்தில் பதினாலு பேர் உட்கார்ந்தோம். நாலு வருஷத்தில் பிள்ளைகள் படிக்கும் பாடங்கள் அதிகம், ஐந்தாறைக் கழிக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. கணக்கு வாத்தியார் இயற்பியலைக் காட்டினார். இயற்பியல் வேதியியலைக் காட்டியது. வேதியியல், தனக்குத் தலைவலி என்று எழுந்து போய்விட்டது. கடைசியில் கேட்க ஆளில்லாத ஒரே பாடம் அகப்பட்டது: முதல் வருஷத்தில் பெரிய மரப் பலகையில் தாளை ஒட்டி, கையால் படம் போடுகிற இன்ஜினியரிங் டிராயிங். அதை நடத்தியவர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எந்தக் கம்பெனியில் இப்போது கையால் வரைகிறார்கள், கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுப்போம் என்று நான் பெரிதாகப் பேசினேன். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். பேச்சில் தப்பில்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் இன்னும் நாலு பாடம் கழிக்க வேண்டியிருந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் இப்ராஹிம் சார், இருபது வருஷமாகத் தெர்மோடைனமிக்ஸ் எடுப்பவர், என் நல்ல நண்பர், அதுவரை சமோசாவிலேயே கவனமாக இருந்தார். நான் பென்சிலை அவர் பாடத்துக்கு நேரே கொண்டுபோனதும் கடைசி சமோசாவை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "குறைங்க மேடம், தாராளமா குறைங்க. ஆனா யாருதும் குறையக் கூடாது."

கத்துகிற பம்ப்

தொழிற்சாலைக்காரர்களைக் கேட்காமல் பாடத்திட்டம் போடக் கூடாது என்று விதி. மணலியில் ஒரு ஆலைக்குப் போனோம். ஏசி அறையில் ஒருவர் முக்கால் மணி நேரம் படம் காட்டிப் பேசினார். நான் நோட்டில் எழுதியதில் இன்றைக்கு ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது பம்ப் ஹவுஸ் ஃபோர்மேன் மாட்டினார். அத்திப்பட்டுக்காரர், காதில் பஞ்சு. எங்கள் பிள்ளைகள் வேலைக்கு வந்தால் எப்படி என்று கேட்டேன். தயங்கினார். பிறகு ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்ப் மேல் கையை வைத்தார், என் கையையும் வைக்கச் சொன்னார்.

அதன் பலனாகத்தான் எங்கள் புதிய திட்டத்தில் மூன்றாம் வருஷம் ஒரு பாடம் முழுக்க ஆலையிலேயே நடக்கிறது. இயந்திரத்தைத் தொட்டும் கேட்டும் பார்ப்பதுதான் பாடம். துணைவேந்தரிலிருந்து எல்லாரும் பாராட்டினார்கள், நானும் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை. உண்மையில் பாராட்டு அந்த மனிதருக்குப் போக வேண்டியது. அவர் சொன்னது இதுதான்: "கெடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிலேர்ந்து இது கத்திகினே இருக்கும் மேடம். உங்க பசங்க ஸ்க்ரீன பாத்துகினு, நல்லாத்தான் கீதுன்றாங்க."

ஒரு சின்னக் கோடு

பாடத்திட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பழைய பாடத்தில் அரியர் வைத்திருப்பவர்கள் அதற்குப் பதிலாகப் புதிய திட்டத்தில் எந்தப் பாடம் எழுத வேண்டும் என்கிற பட்டியல். பக்கத்துக்குப் பக்கம் சண்டை போட்ட நாங்கள் அந்தப் பக்கம் வரும்போது களைத்துப்போயிருந்தோம். டிராயிங் பாடத்தில் யாராவது அரியர் வைத்திருக்கிறார்களா என்று ஆபீஸில் கேட்டேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்றார்கள். அந்தக் கட்டத்தில், பதில் பாடம் எதுவும் இல்லை என்று ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டேன். எங்களைப் பொறுத்தவரை பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் மாணவர். படித்து முடித்து வெளியே போய், ஒரே ஒரு பேப்பரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டெல்லா ஒரு மதியம் வந்தாள். ராயபுரத்துப் பெண், அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மேலே ஆரஞ்சு நிற ஜாக்கெட், கன்டெய்னர் யார்டிலிருந்து நேராக வந்திருந்தாள். கன்டெய்னர் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று பார்த்து ஆறு பக்கமும் படம் போட்டுக் குறிப்பது அவள் வேலை. டிகிரி காட்டினால் சர்வேயராக நிரந்தரம், காட்டாவிட்டால் வேறு ஆள். சேர்ந்து ஏழு வருஷத்துக்குள் எல்லாப் பேப்பரையும் முடிக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு அது ஏழாவது வருஷம், வரப்போவது கடைசித் தேர்வு. பாக்கி இருந்தது டிராயிங் ஒன்றுதான். தேர்வுக்குப் பணம் கட்டப் போனால் கம்ப்யூட்டரில் அந்தப் பாடமே இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்: "நான் ஃபெயில் ஆனா அது என் தப்பு மேடம். பேப்பரே இல்லன்னா நான் இன்னா பண்றது?"

முதல் வாத்தியார்

அடுத்த நாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அறை வாசலில் நின்றேன். அவர் நல்லவர்தான், ஆனால் விதியை மீறிச் சிரிக்கக்கூட மாட்டார். கம்ப்யூட்டர் டிராயிங்கை எழுதச் சொல்லலாமே என்றார். அதற்கு ஒரு செமஸ்டர் லேபுக்கு வந்திருக்க வேண்டும், அவளுக்கு அவகாசமில்லை என்றேன். ஒரே ஒரு பெண்ணுக்காகக் கேள்வித்தாள் தயாரித்து, அச்சடித்து, சீல் வைத்து, ஹால் போட்டு, திருத்த ஆள் போட வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கல்விக் குழு ஒப்புக்கொள்ள என்ன காரணம் எழுதுவது என்றார். நான் அங்கேயே ஒரு தாள் வாங்கி, "பட்டியலில் இந்தப் பாடத்தை விட்டது என் தவறு, மாணவியின் தவறு ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 

அவர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரிந்துரைக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என் சர்வீஸ்ல இந்த மாதிரி எழுதிக் குடுத்த முதல் வாத்தியார் நீங்கதான் மேடம்."

எண்ணெய் வாசனை

கல்விக் குழு ஒப்புக்கொண்டது. கேள்வித்தாளும் தயாரானது. பிறகுதான் தெரிந்தது, வரைவதற்குப் பலகை இல்லை. டிராயிங் ஹாலைக் கம்ப்யூட்டர் லேபாக்கும் வேகத்தில் எல்லாப் பலகைகளையும் பழைய மரத்தோடு ஏற்றி அனுப்பிவிட்டோம். அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அடியேன்தான். இப்ராஹிம் சாரும் நானும் ஸ்டோர் ரூம், மாடிப்படி அடி, ஜெனரேட்டர் கொட்டகை எல்லாம் தேடினோம். தெர்மோடைனமிக்ஸில் இவ்வளவு வியர்த்ததில்லை என்றார் அவர். அலுத்துப்போய் டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போனால், உள்ளே கேன்டீன்காரர் மஸ்தான் பாய் சமோசாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டிருந்தது எங்கள் டிராயிங் போர்டின் மேல்.

எப்போதோ கழித்துப்போட்ட ஒரு பலகையை அவர் எடுத்து வைத்திருந்தாராம். ஒன்றரை வருஷமாகக் கமிட்டியில் நாங்கள் தின்ற சமோசா அத்தனையும் அதில் பிறந்ததுதான். எதற்கு வேண்டும் என்று சொன்னோம். மனிதர் உடனே மாவை வழித்துவிட்டுப் பலகையைக் கழுவப் போட்டார். இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்து, மூன்றாம் நாள் பழைய லுங்கியில் சுற்றித் தாமே தூக்கி வந்து நிறுத்தினார்: "சோடா போட்டு நல்லா தேச்சிட்டேன் மேடம். வாசன மட்டும் போவல, பாப்பாவாண்ட முன்னாடியே சொல்லிடுங்க."

வலப் பக்கம்

தேர்வு அன்றைக்குப் பெரிய ஹாலில் ஒரு மேஜை, ஒரு பலகை, ஒரு பெண். கண்காணிக்க நான். முதல் வருஷத்தில் வாங்கிய டிராஃப்டரை ஸ்டெல்லா ஏழு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். டிராஃப்டர் என்பது கோடு போட உதவும், இரண்டு கை நீட்டிய கருவி. அதைப் பலகையின் இடது மூலையில் திருகி மாட்டுவார்கள். அவள் மாட்டப் போனவள் நின்று, இரண்டு பக்கமும் பார்த்தாள். "பக்கத்துல யாருமே இல்ல மேடம். நான் வலது பக்கம் மாட்டிக்கட்டுமா?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன், பென்சில் அவள் இடது கையில் இருந்தது. நானும் பத்து வருஷம் பழைய டிராயிங் ஹாலில் வகுப்புக்கு உதவியாக நின்றவள். அறுபது பலகை நெருக்கிப் போட்டிருப்போம், ஒருவர் வலப் பக்கம் மாட்டினால் பக்கத்து ஆளின் முழங்கையில் இடிக்கும். அதனால் இடது கைக்காரர்களையும் எல்லாரையும் போல மாட்டு என்றுதான் அதட்டியிருக்கிறேன். அவர்கள் கருவிக்கு மேல் கையைக் குறுக்கே வளைத்து, ஒரு கோட்டுக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்து, முடிக்காமல் தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கற்பனை போதாது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். தினமும் கன்டெய்னரை ஆறு பக்கமும் வரைகிற பெண்ணுக்கா கற்பனை போதாது?  மாட்டிக்கொள் என்று தலையாட்டினேன்.

அவள் மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போதே முடித்துவிட்டாள். நம்பாமல் மறுபடி மறுபடி கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்தாள். தாளை என்னிடம் நீட்டும்போது முகத்தில் ஒரே கவலை: "ஓரத்துல லேசா எண்ணெ பட்டுகீது மேடம், மார்க்கு கொறைப்பாங்களா?"

கடைசித் திருத்தம்

குறைக்கவில்லை. ஸ்டெல்லா பாஸ், அதுவும் நல்ல மார்க்கில். சர்டிபிகேட் வாங்க அம்மாவோடு வந்தாள். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு நன்றி சொல்கிறார், தவறு செய்ததே நான்தான் என்று எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் அழுதேன். மஸ்தான் பாய் மூன்று சமோசா அனுப்பிவைத்தார், புதுப் பலகையில் தேய்த்தது.

போவதற்கு முன் பழைய டிராயிங் ஹாலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. அது இப்போது பளபளவென்று அறுபது கம்ப்யூட்டரோடு எங்கள் குழுவின் பெருமையாக நிற்கிறது. திருட்டுப் போகாமலிருக்க ஒவ்வொரு மவுஸையும் மேஜையோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தோம். ஸ்டெல்லா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸை இடது பக்கம் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பக்கத்து மேஜையையும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாத்தையும் வலது பக்கமே கட்டி வெச்சுகீறீங்களே மேடம், அப்ப நாங்கோ?"

பதினாலு பேர் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து போட்ட பாடத்திட்டத்தில் நான் செய்த உருப்படியான திருத்தம், அன்றைக்குக் கேன்டீனிலிருந்து கத்தரிக்கோல் வாங்கி வந்து அந்த டேக்குகளை அறுத்துவிட்டதுதான்.