கைவண்டியில் ஏறிய காட்டுப்பாதை

வனப்பூங்காவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொப்பி என்றால் போதும், வந்துவிடுவான். கோடைக்கால ரேஞ்சராகச் சேர்ந்த முதல் நாள் அவனுக்குக் கொடுத்த சீருடைத் தொப்பி, முன்பு அந்த வேலையில் இருந்தவரின் தலைக்கு வாங்கியது. அந்த மனிதருக்கு இருந்தது தலையா பூசணிக்காயா தெரியவில்லை. தொப்பி இவன் புருவத்தைத் தாண்டி மூக்கில் வந்து உட்கார்ந்தது. பழைய செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து உள்விளிம்பில் செருகி, ஒருவழியாக அதை நெற்றியில் நிறுத்தினான். மூன்று கோடையாக அதே தொப்பிதான், செய்தித்தாள் மட்டும் புதுசு. வேர்த்தால் அச்சு மை நெற்றியில் ஏறும். அன்றன்றைய செய்தியை அவன் நெற்றியிலேயே பார்த்துக்கொள்வதாகப் படகுத்துறைப் பெண் கேலி செய்வாள்.

கோடை முடிந்ததும் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெயில் இருக்கும்வரை அதிகாரி, வெயில் போனால் அக்கா வீட்டு சோபா. பகலில் அக்கா வீட்டுக்காரரின் மெத்தைக் கடையில் நிற்க வேண்டும். இரண்டு குளிர்காலம் அப்படி நின்று பார்த்தாயிற்று. மெத்தை வாங்க வந்தவர்களிடம் அணில் எதை எதையெல்லாம் கொண்டுவந்து தன் கூட்டுக்கு மெத்தை போடுகிறது என்று அவன் விளக்குவான். அவர்களும் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மாமா தங்கமான மனிதர், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மெத்தைக்குள் வைக்கிற பஞ்சின் மாதிரித் துண்டு ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். மனசு சரியில்லாவிட்டால் அதை எடுத்து அமுக்கிக்கொண்டிருப்பார். மைத்துனன் கடையில் இருந்த நாட்களில் அதை அமுக்கி அமுக்கியே அவர் கைவிரல்கள் பலமாகிவிட்டன.

இந்த வருடம் குளிர்காலத்துக்கும் ஒருவரை வைத்துக்கொள்ள மேலிடம் சம்மதித்திருந்தது. அந்த ஒருவர் யார் என்பது பெரிய ரேஞ்சர் கையில். பெரிய ரேஞ்சர் அதிகம் பேசாதவர். முட்டிவலிக்காரர் என்பதால் அதிகம் நடக்கவும் மாட்டார். தொப்பி நாலு நாளாக அவர் முன்னால் போய்ப் போய் நின்றதற்கு, கோடையின் கடைசி ஞாயிறு ஒழுங்காகப் போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தொப்பிக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் வேலையைச் சும்மா சொல்லக் கூடாது. காலையில் கேட்டைத் திறந்து, குப்பைத்தொட்டிகளில் பை மாற்றி, கழிப்பறைக் குழாய்களைத் திறந்து பார்த்து, ஏரிக்கரை பெஞ்சுகளில் பறவை எச்சத்தைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பான். அதற்கப்புறம் நாள் முழுக்கக் கேள்விகள். மூன்று கோடையில் மனிதர்களைப் பற்றி அவன் தெரிந்துகொண்டது இதுதான்: காட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே. இரண்டாவது, ஏரி இன்னும் எவ்வளவு தூரம். மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்கிறவர் வந்தால், அன்றைக்கு அவன் அதை நினைத்துக்கொண்டே தூங்குவான். ஒருமுறை ஒரு பெரியவர், இரவில் இந்த மரங்களெல்லாம் என்ன செய்யும் என்று கேட்டார். அதை இன்றுவரை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் அவனிடம் ஒரே பதில். "பலகையில போட்டிருக்கு, பாருங்க." கர்வத்தோடுதான் சொல்வான். பூங்காவின் வழிகாட்டிப் பலகைகள் அத்தனையும் அவன் கைவேலை. ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் தேய்த்து, வர்ணம் பூசி, அம்புக்குறி வரைந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஈரம் பட்டால் மரம் உப்பிவிடும் என்பதால், கோடை முடிந்து பூங்காவை மூடிய பிறகு எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிடுவது வழக்கம். கம்பங்கள் மட்டும் அங்கேயே நிற்கும். எப்போதும் ஆள்கள் சேர்ந்து ஏரியிலிருந்து கேட்டை நோக்கிக் கழற்றிக்கொண்டே வருவார்கள். கழற்றிய வரிசையிலேயே அடுக்குவதால் அடுத்த வருடம் மாட்டுவதிலும் குழப்பம் வராது. கழற்றும் வேலை திங்கட்கிழமை என்று பெரிய ரேஞ்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

வினை, அக்கா போன் வடிவில் வந்தது. கடைசி ஞாயிறு தானும் மாமாவும் எதிர் வீட்டு அம்மாவும் வருவதாகச் சொன்னாள். எதிர் வீட்டு அம்மாவின் மகனுக்கு ஏதோ பெரிய ஆபீஸில் வேலை. அந்த அம்மா அந்த ஆபீஸின் லிஃப்டைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவாளாம். பதிலுக்கு அக்கா மூன்று வருடமாகத் தன் தம்பியின் காட்டைப் பற்றிப் பேசி வந்திருக்கிறாள். பேச்சுவாக்கில் காடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருந்தது. தம்பியின் பதவியும் கூடவே வளர்ந்திருந்தது.

"மத்தியானம் நீ சும்மா இருப்பேல்ல? கூடவே வந்து எல்லாத்தையும் சுத்திக் காட்டணும்டா. குப்பைத்தொட்டி பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போயிடாத" என்றாள்.

மத்தியானம் சும்மா இருக்க வேண்டுமானால் காலையிலேயே வேலையை முடிக்க வேண்டும். திங்கட்கிழமை வேலையில் பாதியை முடித்துவிட்டால் பெரிய ரேஞ்சரும் அசந்துபோவார். குன்றைச் சுற்றிப் போகிற நீளப் பாதையில் கடைசி ஞாயிற்றுக்கிழமை யார் வரப்போகிறார்கள்? அந்தப் பலகைகளைக் கழற்றிவிடலாம். இப்படி ஒரு கல்லில் இரண்டு மாங்காய்க் கணக்குப் போட்டு, விடிந்தும் விடியாமலும் கேட்டைத் திறந்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் கைவண்டியுமாகக் கிளம்பிவிட்டான்.

ஒழுங்கானவன் ஆயிற்றே. பாதை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேயே ஆரம்பித்தான். முதல் பலகை, "செங்குத்தான ஏற்றம். முதியோரும் குழந்தைகளும் தவிர்க்கவும்." கழற்றி வண்டியில் போட்டான். ஸ்க்ரூக்களை அளவுவாரியாகப் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போட்டான். அடுத்த கம்பம், அடுத்த கம்பம் என்று கழற்றிக்கொண்டே உள்ளே உள்ளே போனான். பாதையை வண்டியில் ஏற்றிக்கொண்டே போகிறோம் என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

குன்றின் பின்பக்கம், விறகு வெட்டப் போட்ட வண்டித்தடங்களும் நடைபாதையும் பின்னிக் கிடக்கிற இடத்தில், கடைசிப் பலகையையும் கழற்றிப் போட்டதும் பாரம் தாங்காமல் வண்டி கவிழ, எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். திரும்பிப் போக வேண்டியதுதான். எந்தப் பக்கம்? பழக்க தோஷத்தில் பலகையைத் தேடினான். கம்பம் மொட்டையாக நின்றது. பலகை வண்டியில் இருந்தது. வண்டியில் அம்புகள் மேலும் கீழும் இடமும் வலமுமாக, ஊர்ப்பட்ட திசையைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

ஒரு பலகையை எடுத்துக் கம்பத்தில் வைத்துப் பார்த்தான். துளை கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொன்றை வைத்தான். அதுவும் கச்சிதமாகப் பொருந்தியது. எல்லாத் துளைகளையும் ஒரே அளவில் போட்டவனும் அவன்தான். கோடையில் காய்ந்த தரையில் வண்டிச்சக்கரம் பதிந்த தடமும் இல்லை. மூன்று கோடை இந்தப் பாதையில் நடந்திருக்கிறான். நடந்ததெல்லாம் தன் எழுத்தை ரசித்துக்கொண்டுதான். ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து பார்த்து வைத்துக்கொள்ளவில்லை.

இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. எங்கே இருக்கிறாய் என்று பெரிய ரேஞ்சர் கேட்டார். வழி தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே வழி சொல்லியிருப்பார். குளிர்கால வேலையும் அந்த வார்த்தையோடு போயிருக்கும். தொப்பி பொத்தானை அமுக்கினான்.

"காட்டுக்குள்ள இருக்கேன் சார்."

"காட்டுக்குள்ளதான்பா எல்லாரும் இருக்கோம்" என்றார் அவர்.

ஏதோ ஒரு பக்கம் வண்டியைத் தள்ளினான். கொஞ்ச தூரத்தில் ஆள் குரல் கேட்டது. கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், அவர் மனைவி, ஒரு தாய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். செங்குத்தான ஏற்றம் என்ற பலகை இருந்தவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள், அது இல்லாததால் நல்ல அகலமான பாதையாக இருக்கிறதே என்று ஏறி வந்துவிட்டார்கள். சீருடையைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது. ஏரிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கைத்தடிக்காரர் கேட்டார்.

பலகையில போட்டிருக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, "என்கூட வாங்க சார்" என்றான்.

கடைசி நாள் என்பதால் ரேஞ்சரே கூட வந்து சுற்றிக் காட்டுகிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. வழியில் ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, பலத்த காற்றில் விழுந்த மரம் என்று சொன்னான். நடந்தார்கள். வெகுநேரம் கழித்து இன்னொரு மரம் சாய்ந்து கிடந்தது. இன்னொரு மரம் அல்ல, அதே மரம். தொப்பி நடையை நிறுத்தினான். குனிந்து, மரத்தின் அடிப்பக்கம் தட்டுத் தட்டாக முளைத்திருந்த காளான்களைக் காட்டினான். அவனே அவற்றை அப்போதுதான் பார்த்தான். மூன்றாம் முறை வந்தபோது, பட்டைக்கு அடியில் எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு குடிபெயர்வதைக் காட்டினான். எல்லாரும் மண்டியிட்டுப் பார்த்தார்கள்.

"இங்க காத்து ரொம்ப அதிகம் போல. இதே மாதிரி நிறைய மரம் விழுந்திருக்கு" என்றார் கைத்தடிக்காரர்.

"ஆமா சார்."

"அம்மா, என் ரிப்பன் இந்த மரத்துலயும் இருக்கும்மா" என்றாள் சின்னப் பெண். முதல் முறை வந்தபோதே அதைக் கிளையில் கட்டிவிட்டிருந்தாள். தாய் தொப்பியைப் பார்த்தாள். தொப்பி எறும்பைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து வாக்கி-டாக்கி மறுபடி கரகரத்தது. இந்த முறை பெரிய ரேஞ்சர் வழக்கத்தை விட நீளமாகப் பேசினார்.

"உங்க அக்கா வந்திருக்காங்க. இந்தக் காட்டுக்கு யார் பெரிய ஆளுன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. சீக்கிரம் வா, உன்கிட்ட நான் லீவு கேக்கணும்."

தொப்பி வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டான். போயிற்று. மெத்தைக் கடை கண்முன்னே வந்தது. மாமா பஞ்சை அமுக்குவதும் தெரிந்தது.

அலுவலக வாசலில் நடந்ததை அப்புறம் படகுத்துறைப் பெண் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். தம்பி வரக் காணோம் என்றதும் அக்கா தானே கூப்பிடுகிறேன் என்றாளாம். பெரிய ரேஞ்சர் ஏரியில் படகுகளை அழைக்கிற ஒலிபெருக்கியை எடுத்து நீட்டினாராம். அக்கா அதை ஒரு பார்வை பார்த்து ஒதுக்கிவிட்டு, கைப்பையை எதிர் வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்றாளாம். சின்ன வயதில் தெருவின் அந்தக் கோடியில் விளையாடிக்கொண்டிருந்த தம்பியை இந்தக் கோடியில் இருந்தே சாப்பாட்டுக்கு வரவழைத்தவள் அவள். தொண்டை அப்படியே இருந்தது.

"டேய் குண்டு! சாப்பிட வாடா!"

குன்றின் பின்பக்கம் பறவைகள் எழும்பின. ஒல்லிக்குச்சியாக நின்றுகொண்டிருந்த தொப்பிக்கு, காதுவரை ரத்தம் ஏறியது. ஆனால் கால்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி ஓடிப் பழகிய கால்கள் அவை.

"பாவம், யாரோ குண்டுன்னு ஒரு பிள்ளையத் தேடறாங்க" என்றாள் கைத்தடிக்காரரின் மனைவி.

"ஆமாம்மா. வாங்க, அந்தப் பக்கமே போய் என்னன்னு பாத்துடுவோம்" என்றான் தொப்பி.

ஒவ்வொரு பிரிவிலும் வண்டியை நிறுத்துவான். வேறெதையோ ரசிக்கிறவன் போல வானத்தைப் பார்ப்பான். குண்டு என்று கேட்கும். அந்தப் பக்கம் தள்ளுவான். கடைசியில் புதர்களை விலக்கிக்கொண்டு அவர்கள் வெளிப்பட்ட இடம், கழிப்பறைகளின் பின்சுவர். சீருடையெல்லாம் முள், தொப்பி மூக்கின்மேல், பின்னால் நாலு பேர்.

கைத்தடிக்காரர் நேராகப் பெரிய ரேஞ்சரிடம் போனார். இத்தனை வருடத்தில் இவ்வளவு பொறுமையாக யாரும் ஒரு மரத்தைக் காட்டியதில்லை, மறுபடி எப்போது இந்த மாதிரிச் சுற்று இருக்கும் என்று விசாரித்தார். பெரிய ரேஞ்சர் கைவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் மீசையைப் பார்த்தாலே தெரிந்தது.

எதிர் வீட்டு அம்மாவும் வண்டியைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? இவன் பலகையைக் கழட்டிட்டான்னா இந்தக் காட்டுல ஒருத்தருக்கும் வழி தெரியாது. அவ்வளவு பொறுப்பு இவன் தலையில."

பெரிய ரேஞ்சர் தொப்பியைத் தனியே அழைத்துப் போனார். எது எந்தக் கம்பத்தில் இருந்தது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் காலையிலிருந்து வழி தெரிந்தவன் போல நடந்தே அவன் அலுத்துப்போயிருந்தான்.

"தெரியாது சார். நான்தான் தொலைஞ்சு போயிட்டேன்."

"ஸ்க்ரூ?"

"அது தனித்தனி டப்பால இருக்கு சார்."

பெரிய ரேஞ்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் கொஞ்ச நேரம் குலுங்கியது. தொப்பி தலையிலிருந்ததைக் கழற்றி அவரிடம் நீட்டினான்.

"இதை ஏன் என்கிட்ட நீட்டறே?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதை எங்க மாட்டணும்னு யாராவது நடந்து நடந்து கண்டுபிடிக்கணும். என் முட்டிக்குக் குன்று ஆகாது. உன் வேகத்துக்குக் குளிர்காலம் முழுக்க ஆகும். மரத்தைப் பாத்து அடையாளம் வை, பலகையைப் பாத்து இல்ல."

அது வேலை கொடுக்கிற பேச்சு என்பது தொப்பிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமாவுக்கு உடனே உறைத்துவிட்டது. ஓரமாக நின்று பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தவர், விறுவிறுவென்று வந்து மைத்துனன் கையிலிருந்த தொப்பியை வாங்கினார். உள்ளேயிருந்த ஈரச் செய்தித்தாளை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டார். சட்டைப்பைப் பஞ்சை நீளவாக்கில் கிழித்து, விளிம்பைச் சுற்றிலும் பதமாகச் செருகி, தொப்பியை அவன் தலையில் வைத்து அழுத்தினார். அது நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"நம்ம கடைச் சரக்குதான்" என்றார் மாமா, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்து. "எத்தனை குளிர்காலம் ஆனாலும் அமுங்காது. நீ இங்கயே இருந்து பாரு."