மூச்சு விடாமல் ஒரு ஸ்டேஷன் பெயர்

எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனின் பெயர் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. புத்தூரிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில் நகரியைத் தாண்டியதும் வரும். பெயர்ப் பலகைதான் நீளம்; ஸ்டேஷன் சின்னது. பல ரயில்கள் நிற்காமலே போய்விடும். நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, அந்தப் பெயரை மூச்சு விடாமல் எத்தனை தரம் சொல்கிறோம் என்பதுதான் எங்களுக்குள் பந்தயம். அதில் என்னை ஜெயிக்க வகுப்பில் ஆளில்லை. படிப்பில் வாங்காத நல்ல பெயரையெல்லாம் இதில் வாங்கியிருந்தேன்.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்குச் சொல்லப்பட்டது 'அம்மாவுக்குக் கட்டி' என்பது மட்டும். கட்டி எனக்கும் வந்திருக்கிறது. பற்றுப் போட்டால் உடைந்து ஆறிவிடும். அதனால் நான் கவலைப்படவில்லை.

அம்மாதான் மாறிப்போனாள். மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். அக்குளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். தோள் வலித்தால் அங்கே பரவிவிட்டது என்பாள். இடுப்பு வலித்தால் அங்கேயும்தான் என்பாள். நைனாவின் போனை வாங்கி, வலிக்கு என்ன காரணம் என்று அதில் தேடுவாள். ஒரு வலியோடு போனை எடுத்தவள் இரண்டு வலியோடு அதைக் கீழே வைப்பாள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் 'ஒண்ணுமில்ல' என்று உரக்கச் சொல்வார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

உடம்பு முழுக்க எடுத்த ஸ்கேனின் முடிவைக் கேட்கப் போன அன்று பள்ளிக்கூடம் லீவு. என்னையும் கூட்டிப்போனார்கள். புத்தூரில் கூட்டம் ஏறியதும் நைனா தன் இடத்தை ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். கை சில்லென்று, வியர்த்து ஈரமாக இருந்தது.

"நெஞ்சு அடிச்சிக்குது பாப்பா. கையெல்லாம் மரத்துப்போவுது. எதுனா பேசிக்கினே இரு" என்றாள்.

என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக வருவது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஸ்டேஷன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். மூச்சு தீர்ந்ததும், இப்போது நீ சொல் என்றேன். அம்மா நரசிம்மரிடமே நின்றுவிட்டாள். நான் விடவில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ள வேண்டும், வெளியே விடும்போது அவசரப்படக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க வேண்டும் என்று எங்கள் பந்தயத்தின் பாடத்தை அவளுக்கு நடத்தினேன். அடுத்த தரம் ராஜு வரை வந்தாள். அப்புறம் பேட்டையைப் பிடித்தாள். எதிரே கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த தெலுங்குக்கார அம்மாள் தானும் சொல்லிப் பார்த்து, நாக்குப் புரண்டு, சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். ரேணிகுண்டா வந்தபோது என் கையில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. பிடி மட்டும் தளர்ந்திருந்தது.

வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ரயிலில் நடந்ததை அம்மா விவரித்தாள். பயத்தில் மூச்சு வேகமாகிவிட்டால் கை மரப்பதும் நெஞ்சு படபடப்பதும் உண்டு, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டுப் பழகுங்கள் என்று அவர் தெலுங்கில் விளக்கினார். அதைத்தான் எங்கள் பாப்பா சொல்லிக்கொடுத்தாள் என்றாள் அம்மா. பந்தய விஷயம் டாக்டர் வரைக்கும் போய்விட்டதே என்று நான் நைனாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் வாய் எப்போதும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒத்தாசைக்கு வந்து தங்கிய அத்தையின் காதில் வெங்கடனும் நரசிம்மனும் மட்டும் விழுந்திருக்கிறார்கள். "அண்ணி எந்நேரமும் சாமி பேரைச் சொல்லிக்கினு கீறாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். அம்மா மறுக்கவில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஆபரேஷன் முடிந்து, அத்தையும் ஊருக்குத் திரும்பிய பிறகு, கீமோவுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். ஒருநாள் பிளாட்பாரத்தில் திருப்பதி வண்டிக்குக் காத்திருந்தோம். முடியெல்லாம் கொட்டிப்போய் அம்மா தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பொழுது போகட்டும் என்று நான்தான் பந்தயத்துக்குக் கூப்பிட்டேன். அம்மா ஜெயித்துவிட்டாள். சும்மா இல்லை, நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி, முகம்கூடச் சிவக்காமல், நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை முட்டியது.

"எனுக்குத் தெரியாம எப்பம்மா கத்துக்கின?"

"நீ இஸ்கூலுக்குப் பூட்ட பிறகு" என்றாள். "தெனமும்தான்."

அம்மா தேறிவிட்டாள். இப்போதும் செக்கப் நெருங்கும் வாரத்தில் வீட்டில் அந்த முணுமுணுப்புக் கேட்கும்; நாங்கள் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

பிளாட்பாரத்தில் தோற்ற அன்றைக்கு நான் வழி நெடுக அவளோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். நான் இல்லாத நேரத்தில் பழகியது பெரிய ஏமாற்று வேலையாகப் பட்டது. அவ்வளவு நன்றாக வருவதற்கு, தனியே இருந்த பகல்களில் அவள் எத்தனை தரம் பயந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.