பாறைக்குச் சர்க்கார் பொறுப்பு

என் மாமனார் எவர் பேச்சையும் நம்பாதவர். அதில் எங்கள் ஊருக்கே கொஞ்சம் கர்வம் உண்டு. செஞ்சியிலிருந்து வல்லம் போகிற பக்கத்தில், ஒரு சின்ன மாதா கோயிலைச் சுற்றி நாலு தெரு, அவ்வளவுதான் ஊர். சர்க்கார் தண்டோரா போட்டாலும், பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஏதாவது புதிதாகச் சொன்னாலும், எல்லாரும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஆமாண்டா, ஆமா" என்பார். அதோடு அந்தச் சேதி செத்தது. ரங்கூன் அரிசி மறுபடியும் வரப்போகிறது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னபோதும் அதே "ஆமாண்டா, ஆமா"தான். அரிசி வரவில்லை. அவருக்கு மரியாதை இன்னும் கூடிற்று.

யுத்தம் முடிகிற சமயத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமியார் காலமாகிவிட்டார்கள். வீட்டில் மாமனாரும் அவருடைய ஒரே பிள்ளையும்தான். இரண்டு ஆண்களுக்கு நடுவில் எனக்கு வாய் நீண்டுபோனதில் ஆச்சரியமில்லை.

எங்களுக்கு இருந்தது மானாவாரி நிலம். ஆடியில் மழை பெய்தால் மல்லாட்டை போடுவோம். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பெய்யாவிட்டால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். கோலார் தங்கவயலில் என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். "வந்துடு, சொரங்கத்துல சேத்து வுடறேன்" என்று வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். அங்கே போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒருவர் இருமி இருமிப் பாதி ஆளாகிக் கிடந்தார். போகவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"கெணறு ஒண்ணு இருந்தா நான் ஏன் போறேன்?" என்பார் என் வீட்டுக்காரர். கிணறு வேண்டும், அல்லது கோலார். எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அந்த நேரத்தில்தான் எங்கள் தொகுதிக்கு நிற்கிற கட்சித் தலைவர் செஞ்சிக்கு வந்தார். தேர்தல் நெருங்கியிருந்தது. தீர்வை கட்டுகிறவர் என்பதால் மாமனாருக்கு ஓட்டு இருந்தது. எனக்கு இல்லை. ஆனாலும் துணி ரேஷனைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்றார்கள், அதனால் நானும் போனேன். என்னிடம் அப்போது மாற்றிக் கட்ட உருப்படியான புடவை ஒன்றுகூட இல்லை. பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் கரி வாயுவில் ஓடுகிற பஸ் ஒன்று திண்டிவனத்திலிருந்து வரும். மேட்டில் ஏற மூச்சுத் திணறி நின்றுவிடும், நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். தலைவருடைய கார் பெட்ரோலில் வந்தது. மாமனார் அதைத்தான் முதலில் கவனித்தார்.

கோட்டைக்குக் கீழே கூட்டம். நல்ல குரல் அவருக்கு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கியூவில் நிற்காமல் துணி கிடைக்கும் என்றார். புழுத்த ரேஷன் அரிசி ஒழியும் என்றார். மல்லாட்டைக்கு நீங்கள் சொல்வதுதான் விலை என்றார். கடைசியில் இரண்டு கையையும் விரித்து, "புன்செய் நிலமெல்லாம் நன்செய் ஆகும். கிணறு வெட்டுங்கள். மண்ணுக்கு நீங்கள் பொறுப்பு, பாறைக்குச் சர்க்கார் பொறுப்பு. பாறை தட்டிய இடத்தில் சர்க்காரே வெடி வைத்துத் தண்ணீரைக் காட்டும்" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ராஜகிரி மலை நின்றது. இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மலை. எங்கு பார்த்தாலும் உருண்டை உருண்டையாகக் கல். செஞ்சியில் வந்து பாறையை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

"பின்னாடி ஒரு தபா திரும்பிப் பாத்துட்டுப் பேசச் சொல்லுடா" என்றார் மாமனார், எல்லாருக்கும் கேட்கும்படி. எங்கள் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு வெகு நாள்வரை எங்கள் ஊருக்கு அதுதான் பொழுதுபோக்கு. மாமனார் களத்து மேட்டில் ஏறி நின்று இரண்டு கையையும் விரிப்பார். "தாய்மார்களே! உங்க கோழிக்கு நீங்க பொறுப்பு, முட்டைக்கு சர்க்கார் பொறுப்பு!" என்பார். வயிறு வலிக்கச் சிரிப்போம். தலைவர் ஜெயித்தார். மாமனார் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "மத்தவன் இன்னும் பெரிய புளுகன்மா" என்றார்.

முதலில் குழி தோண்டியவன் எங்கள் பக்கத்து நிலத்துக்காரன். கேட்டதற்கு, "எரு கொட்ட ஒரு பள்ளம்" என்றான். எருவுக்கு எவன் அவ்வளவு ஆழம் தோண்டுவான்? அடுத்தவன் வீடு கட்ட மண் எடுப்பதாகச் சொன்னான். இன்னொருவன் மரம் நடப்போவதாகச் சொன்னான். கிணறு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவ்வளவு சிரித்துவிட்டு எந்த முகத்தோடு சொல்வார்கள்? அவலூர்பேட்டைப் பக்கத்தில் ஓர் இடத்தில் சர்க்கார் வெடி வைத்தேவிட்டது என்று ஒரு பேச்சும் வந்தது. பார்த்தவர் யாரும் இல்லை. ஊரைச் சுற்றிக் குழிகள் மட்டும் பெருகின.

மாமனார் சில நாள் சாப்பாட்டில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் மகனைக் கூப்பிட்டார்.

"நான் நம்பல. நல்லா கேட்டுக்க. நான் நம்பவே இல்ல. ஆனா அவனுங்களுக்கெல்லாம் வெடி வச்சுட்டு, நம்ம ஒருத்தனுக்கு மட்டும் இல்லேன்னு ஆயிட்டா இன்னாடா பண்றது?"

"அப்போ வெட்டலாமா நைனா?"

"வெட்டு. யாருனா கேட்டா பன்னிக்குப் பள்ளம்னு சொல்லு."

நானும் நம்பவில்லை. ஆனால் கிணறு என்றால் கோலார் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் தொடங்கினோம். சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பன்றிப் பள்ளத்துக்கு எதற்குத் தீர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. அந்த மாதம் அவர் ஊரில் நிறையப் பள்ளங்களுக்குத் தெளித்திருந்தார். நிலத்தின் தாழ்ந்த மூலையில் இடம் பார்த்தோம். மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் மல்லாட்டை பருத்துக் காய்க்கிற மூலை அது. எங்களுக்கு வாய்த்த நல்ல மண் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கடப்பாரை போட, நான் கூடையில் அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டினேன். செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதற்கும் கீழே கெட்டித்துப்போன கப்பிச் சரளை. அவர் கைகள் கிழிந்தன, என் தலை உச்சி வெந்தது. ஆனால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். என்னை மேலே நிற்க வைத்து அவர் கீழிருந்து பாடுவார். வேலை இருக்கிறவரை அவர் எங்கேயும் போக மாட்டார் என்ற நிம்மதி எனக்கு.

ஒரு நாள் கடப்பாரை "ணங்" என்றது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே சத்தம். மாமனார் ஓடிவந்து விளிம்பில் மண்டியிட்டு எட்டிப்பார்த்தார்.

"பாறடா! பாற வந்துட்டுதுடா!"

கிணறு வெட்டுகிறவன் பாறை தட்டினால் தலையில் கைவைத்துக்கொள்வான். அந்த வருஷம் எங்கள் ஊரில் மட்டும் பாறை வந்ததற்கு வெல்லம் பங்கிட்டார்கள். நாங்களும் பங்கிட்டோம். நம் பங்கு முடிந்தது, இனி சர்க்கார் பங்கு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டோம். அப்போதும் யாரும் நம்பவில்லை என்றுதான் சொன்னார்கள்.

அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்தார். ஒவ்வொரு குழியாக எட்டிப்பார்த்தார். "பேஷ்" என்றார். வெடிமருந்து யுத்த காலத்திலிருந்து கட்டுப்பாட்டில் இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடும், அதுவரை குழியைச் சுத்தமாக வைத்திருங்கள் என்றார். வெடித்தால் கல் பறக்கும், ஆகையால் சுற்றிலும் பயிர் வைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

ஆடி பிறந்தது. அந்த வருஷம் பார்த்து மழை கொட்டியது. அப்படி ஒரு மழையை நான் அந்த ஊரில் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. விதை தயாராக இருந்தது, ஏரும் தயாராக இருந்தது, மண் ஈரமாக வாய் பிளந்து கிடந்தது. நாங்கள் விதைக்கவில்லை. எங்கள் தோண்டு மண்ணும் கல்லும் நிலத்தில் பாதியை மூடியிருந்தன. மீதிப் பாதியை வெடிக்காக விட்டுவைத்திருந்தோம். அந்த மழையில் நாங்கள் செய்த வேலையைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். குழியில் தண்ணீர் தேங்கிவிட்டால், வெடி வைக்க வருகிறவன் திரும்பிப் போய்விடுவான் என்று பயம். ஆகையால் தண்ணீருக்காக வெட்டிய பள்ளத்திலிருந்து, குடம் குடமாகத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டினோம். ஊர் முழுக்க இறைத்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பைத்தியமா புடிச்சிருக்குது நமக்கு?" என்று குடத்தைக் கீழே போட்டேன்.

"பக்கத்துல எறைக்கிறான் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். குடத்தை எடுத்துக்கொண்டு அவர் மறுபடி இறங்கினார்.

வெடிமருந்து வரவில்லை. மாமனார் செஞ்சிக்கு நடந்தார். ரயிலில் வருகிறது என்றார்கள். வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டது என்றார்கள். நம் கைக்கு ராஜ்யம் வரட்டும், அப்புறம் பாருங்கள் என்றார்கள். சுதந்திரம் வந்தது. கோயிலில் மணி அடித்தோம், மிட்டாய் கொடுத்தார்கள். மறுநாளும் மாமனார் செஞ்சிக்கு நடந்தார்.

அடுத்த ஆடி காய்ந்து போயிற்று. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை உடைத்து வறுத்துத் தின்றோம். குழியின் ஓரம் சரிந்து, உள்ளே எருக்கு முளைத்தது. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் மாற்று வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் தடுக்கவில்லை. எந்தச் சோற்றைக் காட்டித் தடுப்பேன்? பஸ் வருகிற இடம்வரை கூடப் போனேன்.

"வெடி வந்தா சொல்லி அனுப்பு. அடுத்த வண்டியில வந்துடறேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். மேட்டில் அந்த பஸ் வழக்கம்போல நின்றது. அவரும் இறங்கித் தள்ளினார்.

தலைவர் இரண்டாவது முறை வந்தது அதற்குப் பிறகுதான். இந்த முறை எங்கள் ஊர் ரோட்டோரத்திலேயே கூட்டம். மேடை போடக் கல் வேண்டும் என்று கட்சிப் பையன்கள் வண்டியோடு வந்தார்கள். ஊரில் கல்லுக்கா பஞ்சம்? எங்கள் குழிக் கல்லைக் காட்டிக் கேட்டார்கள். "எடுத்துக்கினு போங்க" என்றார் மாமனார். நான் என் தலையில் சுமந்த கல்லின் மேல் தலைவர் ஏறி நின்றார். அதே நல்ல குரல். இனி ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆயில் என்ஜின் என்றார்.

மாமனார் எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்தால் ஏதோ வேடிக்கை இருக்கிறது என்று எல்லாரும் முகம் மலர்ந்து திரும்பினார்கள். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, பாறைக்கு சர்க்கார் பொறுப்புன்னீங்க. வெட்டி வச்சிருக்கிறேன் ஐயா. எம்புள்ள போயிட்டான். வெடி எப்போ வரும்னு மட்டும் சொன்னா அவனக் கூப்ட்டுக்குவேன்."

அப்புறம் பின்னாலிருந்து ஒருவன், "இன்னா பெரியவரே, நீயே நம்பிட்டியா?" என்றான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. எருப் பள்ளம் வெட்டியவன் சிரித்தான், மரக்குழி வெட்டியவன் சிரித்தான். யாரோ மூக்கைச் சுளித்து, "ஆமாண்டா, ஆமா" என்றார்கள், அச்சு அசல் அவர் குரலில். தலைவரும் புன்னகை செய்து, "கவனிக்கப்படும் பெரியவரே" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். அத்தனை பேரில் ஒருவன், ஒரே ஒருவன், 'என் குழியும் அப்படியே கிடக்கிறது' என்று எழுந்திருக்கக் கூடாதா? அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை யாருக்கும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் எதற்கும் மூக்கைச் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. துணி வரும் என்றால், "வரும்" என்பார். என்ஜின் வரும் என்றால், "குடுப்பாங்க" என்பார். குழிக்குள் முளைத்த எருக்கைப் பிடுங்கிப் போட்டு, தினமும் சுத்தம் செய்தார்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கோலாரிலிருந்து ஓர் ஆள் வந்தான். என் வீட்டுக்காரர் நன்றாக இருப்பதாகச் சொன்னான். கொஞ்சம் இருமல், மற்றபடி ஒன்றுமில்லை என்றான். அங்கே பூமிக்குள் எந்நேரமும் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டே இருக்கிறார்களாம், ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் ஊரை நினைத்துக்கொள்கிறாராம். "நம்ம கெணத்துக்கு வெடி வந்துதான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு" என்றான்.

"வந்துடும்னு சொல்லுப்பா. கெளம்பி வரச் சொல்லு" என்றார் மாமனார். கேலியாகச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அந்த ஆளை வழியனுப்புகிற சாக்கில் தெருமுனைவரை போனேன்.

"வெடி வராது" என்றேன். "அங்கேயே இருக்கச் சொல்லுங்க."