புகையில் தொங்கிய சீஸ்

போன வாரம் சுங்கை பட்டாணி சூப்பர்மார்க்கெட்டில் என் தோழியின் மகளைப் பார்த்தேன். ருசிபார்க்க வைத்திருந்த சீஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள். என்னம்மா இது என்றேன். "டேஸ்ட் நோட்ஸ் ஆன்ட்டி. எழுதலன்னா மறந்துடும் லா!"

எனக்கு ஒரு துரை ஞாபகத்துக்கு வந்தார்.

லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரர்கள் நிர்வாகம் பண்ணிய காலம். நான் தோட்டப் பள்ளியில் டீச்சர். அண்ணன் புகைவீட்டில் ரப்பர் ஷீட் காயவைப்பவர். அண்ணி துரையின் பங்களாவில் சமையல். விடியுமுன்னே காட்டுக்குப் போய்ப் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவருக்கு, குழந்தை பிறந்த பிறகு கிடைத்த வேலை அது. அது போனால் கைக்குழந்தையோடு மறுபடி காடுதான்.

துரைக்கு சீஸ் பைத்தியம். டவுன் கடை பாய் பினாங்கிலிருந்து தருவித்துக் கொடுப்பார். துரை ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, பிறகு சட்டைப்பை நோட்டில் எழுதுவார். எழுதி முடிக்கும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது!

ஒருமுறை வந்த சீஸில் நீலநீலமாகப் பூசணம். அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அண்ணி அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கே ஓடிவந்துவிட்டார்.

"என்னாங்க, கெட்டுப்போச்சு! நான்தான் சரியா வைக்கலன்னு தொரை சொல்வாரு. வேல போச்சு."

"ஷீட்டுலயும்தான் பூசணம் புடிக்குது. நாங்க தூக்கியா போடறோம்? பிரஷ் போட்டுத் தேய்ச்சு, மறுபடி பொகையில தொங்கவிட்டா சரியாயிடும் லா," என்றார் அண்ணன்.

செய்தும் காட்டினார். துணியில் கட்டி, சூடு குறைந்த கதவோரமாக... ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே சீஸ்! உள்ளே ஓடிய நீலக்கோடுகளை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் துரை வாயில் போட்டார். கண்ணை மூடினார். துரை எழுதினார் — எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு தன் தமிழில், "ரொம்ப நல்லா இருக்கு. இதே மாதிரி எப்பவும் வேணும்" என்றார்.

அண்ணி தப்பித்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அடுத்த முறை அண்ணி கடையிலேயே பூசணத்தைக் காட்டிக் குறை சொன்னார். பாய் சிரித்துவிட்டார். "அதுக்கு அதுதாம்மா ருசியே! தொடச்சிடாதீங்க." அண்ணியும் நிம்மதியாக அப்படியே கொண்டுபோய் வைத்தார்.

துரை ஒரு வாய் தின்றார். நோட்டைப் புரட்டினார். முகம் மாறியது. "இது அது இல்ல. கடைக்காரன் ஏமாத்தறான். வேற கடை பாரு."

உண்மையைச் சொன்னால் அண்ணிக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் பாயின் வாடிக்கை போகும். என்ன செய்வார்? "பாய் மாத்திக் குடுப்பாரு தொரை" என்று அதே சீஸை எடுத்துக்கொண்டு புகைவீட்டுக்கு ஓடினார். அன்றிலிருந்து வந்த நீல சீஸ் எல்லாம் புகை குடித்த பிறகுதான் பங்களா மேசைக்குப் போனது.

நாக்கென்றால் நாளடைவில் சமாதானமாகிவிடும். எழுதிவைத்த ருசி அப்படி விடுமா? ஒருவருடைய ரசனைக்காக ஒரு பெண் வருஷக்கணக்கில் பயந்தபடியே சமைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சிரிப்பும் வருகிறது — அது வேறு.

அண்ணியின் வேலை நிலைத்தது. துரை ஊருக்குக் கப்பலேறியபோது அந்த சீஸில் ஒரு பெரிய துண்டைக் கேட்டு வாங்கிப்போனார். அப்போதும் அண்ணி வாய்திறக்கவில்லை.

அது தீர்ந்தபிறகு, சீமையில் எத்தனை கடைக்காரர்களைத் திட்டினாரோ... பாவம்!