கடைசி ஆளாக மலை ஏறுவது

மலையேற்றத்தில் எல்லோருக்கும் பின்னால் உச்சிக்குப் போய்ச் சேருவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஒன்பது வருஷமாக அதைத்தான் நான் பார்க்கிறேன். எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'ஸ்வீப்' என்று பெயர். வரிசையின் முன்னால் வழிகாட்டி போவார், வால் பக்கம் நான். யார் ரொம்ப மெதுவாக நடக்கிறாரோ அவருக்கு நாலடி பின்னால் நடப்பது, அவர் உட்கார்ந்தால் உட்காருவது, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "பத்தே நிமிஷம்" என்று கூசாமல் பொய் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. வார நாட்களில் புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை. நூலிழை பிசகினாலும் தூக்கி ஒதுக்கிவிடுவேன். மலையில் மட்டும் யாரையும் ஒதுக்கியதில்லை. என்னோடு ஏறிய அத்தனை பேரும் தங்கள் சொந்தக் காலில் இறங்கி வந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டியவர்கள், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாமலே புனேயைச் சுற்றியுள்ள கோட்டைகளில் மூச்சுவாங்க ஏறுகிறோமே, அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால் இனி சொல்லப்போவதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். திங்கட்கிழமை படி இறங்கும்போது நம் எல்லோருடைய முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தோர்ணா உச்சியில் ஒரு மீட்டிங்

பிரவீன் பொள்ளாச்சிப் பையன். புனேயின் கராடி பக்கம் மென்பொருள் வேலை. முதல் தடவை எங்களோடு தோர்ணா கோட்டைக்கு வந்தபோது வெள்ளை வெளேரென்று புது ஷூவும், முதுகில் லேப்டாப்புமாக வந்து நின்றான். "தண்ணி எங்க தம்பி?" என்று கேட்டால், லேப்டாப் வைத்ததில் இடமில்லை என்றான். அன்றைக்கு அவன்தான் கடைசி. என் தண்ணீரைக் குடித்து, என் வெல்லத்தைத் தின்று, ஒவ்வொரு பாறையிலும் "இதுதான் உச்சிங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவழியாக ஏறிவிட்டான்.

மேலே போய் மற்றவர்கள் கொடிக் கம்பத்தடியில் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவன் கோட்டைச் சுவரோரம் குந்தி லேப்டாப்பைத் திறந்தான். அவசர மீட்டிங்காம். காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடிக்கிறது. நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முக்கால் மணி நேரம் பேசி முடித்தான். அவ்வளவு இரைச்சலில் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். ரொம்பப் பெருமையாகச் சொன்னான்:

"என்ன சத்தம்னு மேனேஜர் கேட்டாருங்க்கா, ஊட்டுல ஃபேன் ஓடுதுன்னு சொல்லிப்போட்டேன்."

வானவடியிலிருந்து ஒரு போன்

இப்போது அதே பிரவீன்தான் எங்கள் வரிசைக்கு முன்னால் போகிற வழிகாட்டி. லேப்டாப்பை விட்டுவிட்டான். அவன் வழிகாட்டியான வருஷம் ஜூன் மாதத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. வானவடியிலிருந்து வசந்தா என்று ஓர் அம்மா. ஐம்பத்தேழு வயது. வீட்டுக்காரர் ஆறுமுகம், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பெரும்பகுதியைப் பனிமலைக் காவலிலேயே கழித்தவர். சொந்த ஊரான காட்பாடியில் வீடு கட்டி முடிந்துவிட்டது, பிப்ரவரி கடைசியில் புனேயைக் காலி செய்கிறார்கள். அதற்குள் கல்சுபாய் ஏற வேண்டும் என்றார். மகாராஷ்டிரத்திலேயே உயரமான சிகரம் அது. ஏன் அக்கா அதுவே வேண்டும் என்றேன். "அவர் மலை மலையா நின்னு போட்டோ அனுப்புவாரும்மா. நான் குவார்ட்டர்ஸ்ல பிள்ளைங்கள வெச்சிக்கினு அத ஃப்ரேம் போட்டு மாட்டுவேன். நான் நிக்கிற மாதிரி ஒரு படம் இல்ல." வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, "உன்னால ஆவாதுங்கறார்" என்றார்.

கல்சுபாய் கேட்கிறவர்களை முதலில் சிங்ககட் கோட்டைக்கு ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். வசந்தாக்கா வீட்டுக்காரரின் பழைய ராணுவப் பையை மாட்டிக்கொண்டு வந்தார். தூக்கிப் பார்த்தால் கை இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே நாலடுக்குக் கேரியர். பன்னிரண்டு பேருக்கும் புளிசாதம், உருளை வறுவல், மோர்மிளகாய். வெறுங்கையோடு எப்படி வருவதாம். பாதி வழியிலேயே எல்லோரையும் உட்கார வைத்துத் தின்ன வைத்துப் பாரத்தைக் குறைத்தோம். தின்ற பிறகு யாராலும் நகர முடியவில்லை, அன்று முழு வரிசையும் கடைசிதான். உச்சியில் கார்கள் வந்து நிற்கிற இடத்தில் மண்சட்டித் தயிரை வழித்துத் தின்றபடி, காரிலிருந்து இறங்கும் குடும்பங்களை வசந்தாக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவர் பத்து வாட்டி கார்ல கூட்டினு வந்துக்கிறார். அதெல்லாம் கணக்குல சேராது, இன்னிக்குத்தான் நான் சிங்ககட் வந்தேன்."

கிணற்றடியில் பன்னிரண்டு மணி

என்னிடம் ஒரு விதி உண்டு. எங்கே இருந்தாலும் சரி, பகல் பன்னிரண்டு அடித்தால் திரும்பிவிட வேண்டும். அக்டோபரில் மதியத்துக்கு மேல் இடி திரளும். கல்சுபாய் வழியிலோ செங்குத்துப் பாறைகளில் எல்லாம் இரும்பு ஏணிகள். மின்னல் வெட்டும்போது இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வீர சாகசம் எனக்கு வேண்டாம்.

அந்த அக்டோபரில் வசந்தாக்கா நிதானமாக, நிற்காமல் ஏறினார். ஆனால் ரொம்ப நிதானம். கடைசி ஏணிக்குக் கீழே ஒரு கிணறு இருக்கிறது. அங்கே நாங்கள் போனபோது சரியாகப் பன்னிரண்டு. அண்ணாந்தால் உச்சிக் கோயிலின் கொடி தெரிகிறது. பிரவீனோடு போனவர்கள் மணி அடிப்பதுகூடக் கேட்கிறது. மேற்கே மேகம் கறுத்து நின்றது. "இருவது நிமிசம் குடும்மா" என்றார். முடியாது என்றேன். "பதினஞ்சு?" முடியாது என்றேன். பிரவீனுக்கு வாக்கிடாக்கியில் உடனே இறங்கச் சொல்லிவிட்டு அவரைத் திருப்பினேன். அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இறங்க இறங்க மேகம் கலைந்தது. இரண்டு மணிக்கு வெயில். நாலு மணிக்கு அடிவார ஊரில் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் வசந்தாக்கா நின்று மேலே பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த தடவையும் இதையேதான் செய்வேன் என்பது தெரிந்ததால் மன்னிப்பும் கேட்க வரவில்லை. பஸ்ஸில் ஏறும்போது மெதுவாகத்தான் கேட்டார்:

"மழ எங்கம்மா?"

ஒன்பது மாடி

அதன் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. என்மேல் கோபம், விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். டிசம்பரில் சுபேதார் கூப்பிட்டார், குரலில் புகார். பட்டாளத்து இந்தி கலந்த தமிழில், மகளே என்பதற்கு 'பேட்டி' என்பார். "கீதா பேட்டி, உங்க அக்காவுக்கு என்ன ட்ரெய்னிங் குடுத்தீங்க? சுபே ஷாம், காலையும் சாயங்காலமும் படி ஏறிக்கிட்டே இருக்கா." பயிற்சி எதுவும் நான் கொடுக்கவில்லை. என்னதான் நடக்கிறது என்று பார்க்க வானவடிக்கு ஸ்கூட்டரைத் திருப்பினேன். ஒன்பது மாடிக் கட்டடம். அந்த ராணுவப் பையில் பத்துக் கிலோ பொன்னி அரிசி. கையில் குக்கருக்கு நேரம் பார்க்கிற சின்னக் கடிகாரம். காலையில் நாலு தடவை, மாலையில் நாலு தடவை ஏறி இறங்குகிறார். முன்பு ஒரு தடவை ஏற ஒன்பது நிமிஷம், இப்போது ஆறு. கிணற்றிலிருந்து உச்சிக்கு வேண்டிய இருபது நிமிஷத்தை இந்தப் படிகளிலேயே மிச்சம் பிடிக்கிறாராம். என் விதியை எதிர்த்து வாதாடாமல், அதற்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளப் புறப்பட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

கட்டடத்தின் வாட்ச்மேன்தான் பாவம். அரிசி மூட்டையோடு ஒரு பெரியம்மா படியேறுகிறார் என்றால் லிஃப்ட் பழுது என்றுதானே அர்த்தம். இரண்டு தடவை மெக்கானிக்கை வரவழைத்து, இரண்டு தடவையும் அவன் 'டீக் ஹை', லிஃப்ட்டில் பழுதே இல்லை என்று எரிந்து விழுந்துவிட்டுப் போயிருக்கிறான். நான் போன அன்று வாட்ச்மேன் வசந்தாக்காவை வழிமறித்தார். இப்போது அவருடைய சந்தேகம் லிஃப்ட்டை விட்டு வசந்தாக்கா பக்கம் திரும்பியிருந்தது.

"ஆன்ட்டி, லிஃப்ட் டீக் ஹை. ஆப் டீக் ஹோ க்யா?"

இரண்டாவது ஏணி

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு. வானவடி வீட்டில் சாமான்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. லாரி வெள்ளிக்கிழமை. இதைவிட்டால் வேறு நாள் கிடையாது. இந்தத் தடவை சுபேதாரும் வந்தார், துணைக்காம். காவித் தொப்பி, நெஞ்சை நிமிர்த்திய நடை. "பேட்டி, நாங்க ஏறினது எல்லாம் பதினெட்டாயிரம் அடி. இது என்ன, பச்சோங்கா கேல், குழந்தைங்க ஆட்டம்" என்று பிரவீனையே முந்திக்கொண்டு போனார். வசந்தாக்கா படியேறுகிற அதே கணக்கில், ஒரே சீராக, வரிசையின் நடுவில் போனார். எனக்கு நாலடி முன்னால் அவர் இல்லாதது விநோதமாக இருந்தது.

பத்தரை மணி. இரண்டாவது ஏணியைக் கடந்ததும் ஒரு பாறைத் திட்டு. அதில் சுபேதார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய அடியாம், வீட்டில் யாரிடமும் சொன்னதில்லையாம். கால் மடங்க மறுக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து பக்கத்தில் இருந்தது. வசந்தாக்கா பையை இறக்கி வைத்து, தைலத்தை எடுத்து, அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கிவிட்டார். "நீங்கள்லாம் போங்கம்மா. நான் இவரோட இருக்கேன்" என்றார். முகத்தில் வருத்தம்கூட இல்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகச் செய்கிறது. நான் கத்திவிட்டேன். "எந்திரிங்கக்கா! ஒம்பது மாடி ஏறுனது இதுக்கா?" அவர் எழுந்திருக்கவில்லை.

சுபேதார் தைல டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "வசந்தா, இருபத்தெட்டு வருஷம் நான் மேல இருந்தேன், நீ கீழ இருந்தே. இன்னிக்கு நான் கீழ இருக்கேன். போ" என்றார். ராணுவக் கட்டளை மாதிரி ஆரம்பித்த குரல் 'போ'வில் உடைந்துவிட்டது. வசந்தாக்கா எழுந்து நின்றார். பிறகு பையை மாட்டினார். பிரவீனை அவரோடு அனுப்பினேன். நடக்க முடியாதவர் யாரோ, அவரோடுதான் ஸ்வீப் இருக்க வேண்டும். அதனால் நான் பாறைத் திட்டிலேயே தங்கிவிட்டேன்.

சுபேதாரும் நானும் ஆளுக்கு ஐந்து தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்போம். பதினொன்று. பதினொன்றேகால். கிணற்றைத் தாண்டியாச்சு என்று பிரவீன் சொன்னான். பிறகு ஓசையே இல்லை. பதினொன்று முப்பத்தெட்டுக்கு வாக்கிடாக்கியில் முதலில் காற்றின் இரைச்சல், பின்னால் கோயில் மணி, மணிக்குப் பின்னால் பிரவீன் "அக்கா ஏறிட்டாங்க!" என்று அலறினான். நான் அழுதேன், எனக்கு அதில் வெட்கமில்லை. சுபேதார் ஒற்றைக் காலை ஊன்றி எழுந்து, தொப்பியைக் கழற்றி மேலே பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தார். வாக்கிடாக்கி கை மாறியது. மூச்சிரைப்போடு வசந்தாக்காவின் குரல் கேட்டது:

"ஏங்க, தொப்பி தெரியுதுங்க. ஆனா இங்கருந்து பாத்தா நீங்க ரொம்பச் சின்னதாத்தான் இருக்கீங்க!"

ஒன்பது வருஷத்தில் எத்தனையோ சிகரங்களில் கடைசி ஆளாகப் போய் நின்றிருக்கிறேன், ஆனால் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அளவுக்கு எனக்குப் பெருமை தந்த ஒரே சிகரம், ஒரு சுபேதாரின் முழங்காலுக்குக் காவலாகப் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டதால் அன்று நான் ஏறாத சிகரம்தான்.